வரைபுக் கணிப்பானும் உயர்தர நுண்கணிதமும்: வகுப்பில் எந்த இடத்தில் பயன்படும்?

படுவான்கரை ஆசிரியை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பாடசாலையொன்றில் தரம் 12, 13 மாணவர்களுக்கு இணைந்த கணிதம் கற்பிக்கிறேன். வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர் ஒருவர் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-84 பிளஸ் வரைபுக் கணிப்பான்கள் சிலவற்றை எங்களுக்கு அனுப்பியிருக்கிறார். சார்பொன்றை உள்ளிட்டால் அதன் வளையியைச் சிறிய திரையில் வரைந்து காட்டும். பெறுதியையும் (ஒரு புள்ளியில் சார்பு மாறும் வீதம்) வரையறுத்த தொகையீட்டையும் எண்முறையில் கணித்துத் தரும்.

க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் இணைந்த கணித வினாத்தாளுக்குக் கணிப்பான் அனுமதிக்கப்படுவதில்லை. பரீட்சை மண்டபத்துக்குள் போகாத கருவிக்கு எதற்காகப் பாடவேளைகளைச் செலவிட வேண்டும் என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் ஒதுக்கிவிடவில்லை.

ஆனால் என்னை நெடுநாளாக உறுத்துவது இது. என் மாணவர்கள் பெருக்கல் விதியையும் ஈவு விதியையும் சங்கிலி விதியையும் பிழையின்றிக் கையாள்கிறார்கள். "எக்ஸ் 2 ஆகும்போது பெறுதி 3 என்று கண்டீர்கள்; அந்த இடத்தில் வளையி எப்படிப் போகிறது?" என்று கேட்டால் வகுப்பில் பேச்சே இல்லை. விடை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அந்த விடை எதைப் பற்றியது என்பது தெரியவில்லை. எல்லை, பெறுதி, தொகையீடு ஆகிய மூன்றில் எந்த இடத்தில் இக்கருவியைக் கொண்டுவந்தால் கருத்து விளங்கும், எந்த இடத்தில் அது இடையூறாகும் என்பதை, வகுப்பில் பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வாவிக்கரை (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

வணக்கம் மிஸ். உங்கள் ஆதங்கம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது. ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாம் வினாத்தாளின் பகுதி ஆ இல் வளையி வரையும் வினா ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. விகிதமுறு சார்பொன்றைத் தந்து, அதன் பெறுதியைக் காட்டச் சொல்லி, அணுகுகோடுகளையும் திரும்பற் புள்ளிகளையும் குறித்து வரைபை வரையச் சொல்வார்கள். அந்த வினாவைச் செய்யும் மாணவன் பெறுதியின் குறி எங்கே நேர், எங்கே மறை என்று ஆயிடை ஆயிடையாகப் பார்த்து, அணுகுகோட்டின் இரு பக்கமும் சார்பு எங்கே ஓடுகிறது என்று யோசித்து, கடைசியில்தான் பென்சிலை எடுக்கிறான். வளையி அவன் நியாயித்ததன் முடிவாக வருகிறது. பொத்தானை அமத்தியவுடன் படம் வந்துவிட்டால், அந்த நியாயித்தலுக்கு அவசியமே இல்லாமல் போகும். படத்தைப் பார்த்துப் பெறுதியை விளங்கிக்கொண்டதாகப் பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். அந்த நம்பிக்கை, விளங்காமல் இருப்பதை விடவும் ஆபத்தானது.

பாடத்திட்டமோ பெரியது. நிலையியலும் இயக்கவியலும் காத்துக்கொண்டிருக்கின்றன. எங்கள் பக்கத்தில் தரம் 13 மாணவர்கள் பாடத்தை முடித்துக் கடந்தகால வினாத்தாள்களுக்கு வந்து சேர்வதே பெரும்பாடு.

ஒலுவில் வாசி

இருவரது பதிவுகளையும் வாசித்தேன். பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதச் செய்முறை வகுப்புகளில் உதவுபவன் நான். ஐயா சொல்லும் ஆபத்து உண்மையானது. பிற நாடுகளில் இந்தக் கருவி வகுப்புக்குள் வந்த விதத்தைப் பார்த்தாலும் அதே கவலை தெரியும்.

விற்பனைக்கு வந்த முதல் வரைபுக் கணிப்பான் 1985 இல் கசியோ வெளியிட்ட எஃப்எக்ஸ்-7000ஜி. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1990 இல் டிஐ-81 உடன் பாடசாலைகளுக்குள் நுழைந்தது. அமெரிக்காவில் உயர்நிலைப் பாடசாலை மாணவர்கள் எழுதும் ஏபி கல்குலஸ் பரீட்சைக்கு 1995 முதல் வரைபுக் கணிப்பான் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் வினாத்தாளின் ஒரு பகுதிக்கு மட்டுந்தான் அனுமதி. மற்றப் பகுதியைக் கருவியின்றியே செய்ய வேண்டும். அனுமதித்த பகுதியிலும் தரப்பட்ட சாளரத்தில் (திரையில் காட்டப்படும் அச்சுகளின் வீச்சில்) வளையியை வரைதல், சமன்பாட்டின் மூலங்களைக் காணல், ஒரு புள்ளியில் பெறுதியின் எண் பெறுமானத்தைக் காணல், வரையறுத்த தொகையீட்டின் எண் பெறுமானத்தைக் காணல் ஆகிய நான்குக்குத்தான் கருவியின் விடையை நேரடியாக எழுதலாம். ஏனையவற்றுக்கு மாணவர் நியாயம் காட்டியாக வேண்டும். திரையில் உச்சம் தெரிகிறது என்று எழுதினால் புள்ளி கிடைக்காது.

ஐயாவின் கவலைக்கு என்னிடம் உள்ள மறுமொழி ஓர் உதாரணம். எக்ஸ்³ − 2எக்ஸ்² + எக்ஸ் − 30 என்ற சார்பைக் கணிப்பானின் வழமையான சாளரத்தில், அதாவது இரு அச்சுகளிலும் −10 முதல் 10 வரை, வரையச் சொல்லுங்கள். வலப்பக்கத்தில் ஏறக்குறைய நிலைக்குத்தாக ஒரு கீறல் மட்டுமே தெரியும். நிலைக்குத்து அச்சை −100 முதல் 100 வரை விரித்தாலும், நடுவில் வளையி தட்டையாகக் கிடந்து பின்னர் ஏறுவதாகத்தான் தோன்றும். திரும்பற் புள்ளி ஒன்றுமே இல்லை என்று வகுப்பு சத்தியம் செய்யும். இப்போது பெறுதியைக் கண்டு காரணிப்படுத்தச் சொன்னால் (3எக்ஸ் − 1)(எக்ஸ் − 1) வருகிறது. மூன்றிலொன்றில் ஓர் உயர்வுப் புள்ளி, ஒன்றில் ஓர் இழிவுப் புள்ளி, இரண்டுக்கும் இடையே உயர வித்தியாசம் 4/27 மட்டுமே. 64 புள்ளி உயரமுள்ள திரையில் 200 அலகுகளை அடைத்தால் 0.15 அலகு எப்படித் தெரியும்? எங்கே உற்றுப்பார்க்க வேண்டும் என்பதைப் பெறுதிதான் சொல்லியது. அதன்படி சாளரத்தைச் சுருக்கினால் மேடும் பள்ளமும் தெளிவாக வந்துவிடும்.

இதையே இன்னும் கூர்மையாகக் காட்ட விரும்பினால், டிஐ-84 இன் திரிகோணகணிதச் சாளரத்தில் சைன் எக்ஸையும் சைன் 49எக்ஸையும் வரைந்து பாருங்கள். இரண்டும் ஒரே வளையியாக விழும். அச்சாளரத்தில் திரைப் புள்ளிகளின் அடுத்தடுத்த நிரல்களுக்கு இடையேயான தூரம் சரியாக பை/24 என்பதே காரணம். ஏன் அப்படி ஆகிறது என்பதைத் தரம் 12 மாணவரால் தானாகவே நிறுவ முடியும்.

சம்மாந்துறை ஆசிரியர்

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். ஒலுவில் வாசி சொன்னது சாளரத்தைப் பற்றியது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, கணிப்பான் பெறுதியைக் காணும் முறை. பெறுதியின் வரைவிலக்கணத்தை விளங்க வைக்க இதைவிட நல்ல வழியை நான் இன்னும் காணவில்லை. ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

டிஐ-84 இல் எக்ஸ்³ இன் பெறுதியை 2 இல் கேட்டால் 12 என்று வராது, 12.000001 என்று வரும். வகுப்பில் முதல் எதிர்வினை, "சேர், மிசின் பிழை" என்பதுதான். அந்த இடத்தில் நிறுத்தி, இந்த 0.000001 எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். கருவிக்கு வகையீட்டு விதிகள் தெரியாது. அது கேட்ட புள்ளிக்கு 0.001 வலப்பக்கத்திலும் 0.001 இடப்பக்கத்திலும் சார்பின் பெறுமானங்களை எடுத்து, வித்தியாசத்தை 0.002 ஆல் வகுக்கிறது; அதாவது வளையியில் இரு புள்ளிகளை இணைக்கும் நாணின் படித்திறனை (சாய்வை) தருகிறது. அந்தச் சிறிய தூரத்தை எச் என்று வைத்து, (2 + எச்)³ இலிருந்து (2 − எச்)³ ஐக் கழித்து 2எச் ஆல் வகுத்தால் 12 + எச்² என்று வரும். எச் 0.001 ஆனால் எச்² சரியாக 0.000001. திரையில் கண்ட வால் மாணவரின் கொப்பியில் அப்படியே வந்து நிற்கிறது.

எல்லை எடுத்தல் என்றால் என்ன என்பது அந்த நிமிடத்தில்தான் பலருக்கு உறைக்கிறது. கருவி எச் ஐ 0.001 இலேயே விட்டுவிட்டது, நாம் அதைப் பூச்சியத்தை நோக்கிக் கொண்டு போகிறோம். மிஞ்சிய எச்² அப்போதுதான் மறைகிறது. பின்னர் எக்ஸ்² ஐக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் புள்ளியிலும் துல்லியமான விடையே வரும். எக்ஸ்² க்கு வராத வழு எக்ஸ்³ க்கு ஏன் வருகிறது என்ற கேள்வியை வீட்டு வேலையாகக் கொடுக்கலாம்.

அடுத்தது மட்டுச் சார்பு. எக்ஸின் மட்டுக்கு, அதாவது குறியை நீக்கிய பெறுமானத்துக்கு, பூச்சியத்தில் பெறுதி இல்லை. கணிப்பானோ 0 என்று விடை தரும், ஏனென்றால் இரு பக்கத்திலும் பெறுமானம் 0.001 தான், கழித்தால் பூச்சியம். 0.0005 இல் கேட்டால் 1 வர வேண்டிய இடத்தில் 0.5 வரும். 1/எக்ஸ் என்ற சார்பு பூச்சியத்தில் வரையறுக்கப்படவே இல்லை. அங்கே பெறுதியைக் கேட்டால் 1000000 என்று ஓர் எண்ணை நீட்டும். இந்த மூன்று விடைகளையும் மாணவர்கள் கையால் கணித்துச் சரிபார்க்கலாம். இடப்பக்க எல்லையும் வலப்பக்க எல்லையும் சமமாக இருக்க வேண்டும் என்று பலகையில் எழுதிப் போடும் நிபந்தனை எதற்காக என்று அதற்குப் பிறகு யாரும் என்னிடம் கேட்பதில்லை.

வாவிக்கரை ஐயா, கருவி சரியான விடையை உடனே தந்துவிடும் என்றுதானே அஞ்சுகிறீர்கள்? தவறான விடை தரும் இடங்களாகப் பார்த்துத் தெரிவுசெய்தால், நியாயித்தல் மாணவரின் கையிலேயே இருக்கும்.

வாவிக்கரை (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

12.000001 என்ற உதாரணம் அருமையானது. அதற்காக நன்றி சேர். நாணின் படித்திறனிலிருந்து தொடலியின் படித்திறனுக்குப் போகும் அந்தப் பாய்ச்சலை நாங்கள் ஒரு வரிப்படத்தாலும் ஒரு வாக்கியத்தாலும் கடந்துவிடுகிறோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதற்கு ஒரு கணிப்பான் போதுமே? ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒன்று எதற்கு? ஆசிரியர் ஒருவர் திரையைக் காட்டி, மாணவர்கள் கொப்பியில் வேலை செய்தால் போதாதா?

உயர்தர மாணவி (தரம் 13)

ஆசிரியர்களுக்கு வணக்கம். என் அண்ணாவிடம் கசியோ எஃப்எக்ஸ்-991 கணிப்பான் இருக்கிறது. அது வரைபு வரையாது. ஆனால் சார்பொன்றை உள்ளிட்டால் பெறுமான அட்டவணை தரும். எக்ஸ் பூச்சியத்தை அணுகும்போது சைன் எக்ஸ் / எக்ஸ் இன் எல்லை 1 என்று படித்ததைச் சரிபார்க்க 0.1, 0.01, 0.001 என்று கொடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் 0.01745 அளவில்தான் வருகிறது. எல்லைத் தேற்றம் பிழையாக இருக்க முடியாது. காரணத்தை யாராவது விளக்குவீர்களா?

ஒலுவில் வாசி

நல்ல கேள்வி தங்கச்சி. கணிப்பான் பாகையில் இருக்கிறது. அதை ஆரையனுக்கு மாற்றிப் பாருங்கள், 1 ஐ நெருங்கும். ஆனால் மாற்றுவதற்கு முன் 0.01745 ஐ ஒரு தடவை கவனியுங்கள். அது பை/180. ஒரு பாகை என்பது அத்தனை ஆரையன் என்பதால், பாகையில் அளந்தால் அந்தக் காரணி எல்லையில் ஒட்டிக்கொள்கிறது. பாகையில் வைத்துக்கொண்டே சைன் எக்ஸை வகையிட்டால் கோசைன் எக்ஸின் முன்னாலும் அதே பை/180 வந்து நிற்கும். நுண்கணிதத்தில் கோணத்தை ஏன் ஆரையனிலேயே அளக்கிறோம் என்பதற்கு இதுவே காரணம்.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். ஆரையனில் வைத்து, (1 − கோசைன் எக்ஸ்) / எக்ஸ்² க்கு 0.1, 0.01, 0.001 என்று கொடுத்தால் 0.5 ஐ நெருங்கும். 10 இன் −8 ஆம் அடுக்கைக் கொடுத்தால் சட்டென்று 0 வரும். அவ்வளவு சிறிய கோணத்தின் கோசைனுக்கும் 1 க்கும் உள்ள வித்தியாசம் 17 ஆவது தசம தானத்தில்தான் தொடங்குகிறது. கணிப்பான் அத்தனை இலக்கங்களை வைத்திருப்பதில்லை. ஆகவே அது 1 இலிருந்து 1 ஐக் கழித்துவிடுகிறது. எல்லை 0.5 என்பதை நிறுவ 1 − கோசைன் எக்ஸை அரைக்கோணச் சூத்திரத்தால் மாற்ற வேண்டும். அட்டவணையில் எவ்வளவு தூரம் இறங்கினாலும் அது நிறுவல் ஆகாது.

படுவான்கரை ஆசிரியை (இழையைத் தொடங்கியவர்)

நான் எதிர்பார்த்ததை விடவும் பயனுள்ள பதிவுகள். வாவிக்கரை ஐயாவின் கேள்விக்கு என் எண்ணம் இது. சம்மாந்துறை சேர் சொன்ன கணிப்புக்கு ஒரு கருவி போதும். ஆனால் வளையியை ஒரு புள்ளியில் மீண்டும் மீண்டும் பெருப்பித்துப் பார்க்கும் வேலையை மாணவர் தன் கையால் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

நேற்று மாலை வகுப்பு முடிந்த பிறகு நின்ற சில மாணவிகளிடம் இரண்டு சார்புகளைக் கொடுத்தேன். ஒன்று எக்ஸின் மட்டு, மற்றது எக்ஸ்² + 0.0001 இன் வர்க்கமூலம். வழமையான சாளரத்தில் இரண்டும் ஒரே கூர்முனையாகவே தெரிந்தன. வளையியில் எக்ஸ் பூச்சியமாகும் புள்ளியைச் சுற்றித் திரும்பத் திரும்பப் பெருப்பித்தபோது, முதலாவது எத்தனை தடவை பெருப்பித்தாலும் அதே கூர்முனையாக நின்றது. இரண்டாவது மெல்ல வளைந்து, கடைசியில் கிடைக்கோடாகவே ஆகிவிட்டது. "மிஸ், இது நேர்கோடாகிவிட்டது" என்று ஒரு பிள்ளை சொன்னாள். அந்தக் கோட்டின் படித்திறனைக் கேட்டேன். பூச்சியம் என்றாள், பிறகு தானாகவே கொப்பியை எடுத்து வகையிட்டுப் பார்த்தாள். வகையிடத்தக்க வளையி போதிய அளவு நெருங்கிப் பார்த்தால் நேர்கோடாகத் தெரியும் என்ற இக்கருத்தை வைத்தே நுண்கணிதத்தைத் தொடங்கலாம் என்று இங்கிலாந்தின் வோரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கணிதக் கல்வியாளர் டேவிட் டோல் நெடுங்காலமாக வலியுறுத்தியவர்.

தொகையீட்டுக்கு யாரிடமாவது இத்தகைய உதாரணம் உண்டா? பரப்பளவு என்று சொல்லித் தொடங்கினால், பிள்ளைகள் அதைப் பரப்பளவோடேயே விட்டுவிடுகிறார்கள்.

அம்பாறை நீர்ப்பாசனம்

வணக்கம். நான் ஆசிரியர் அல்ல. குளங்களோடு தொழில் செய்பவன். உங்கள் கேள்வி என் அன்றாட வேலை என்பதால் எழுதுகிறேன்.

மாரி காலத்தில் குளத்துக்கு வரும் நீரின் வீதமும், மதகாலும் வான்கதவாலும் வெளியேறும் நீரின் வீதமும் எங்களுக்குத் தெரியும். குளத்தில் நீர் எப்போது உச்சத்தில் நிற்கும் என்பதே கேள்வி. உங்கள் மாணவர்களுக்கு இப்படி ஒரு கணக்கைக் கொடுங்கள். நூறு ஏக்கர் அடியை (ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி) ஓர் அலகாகக் கொண்டால், நாளொன்றுக்கு உள்ளே வரும் வீதம் 40 + 30 சைன்(பை ரி / 10), வெளியேறும் வீதம் மாறாமல் 55. ரி என்பது 0 முதல் 10 வரையான நாட்கள். வெள்ளம் அதிகமாக வரும் நாள் எது என்றால் ஐந்தாம் நாள். குளம் உச்சத்தில் நிற்கும் நாளும் ஐந்தாம் நாள்தான் என்று பெரும்பாலானோர் சொல்வார்கள், பெரியவர்கள் உட்பட. ஐந்தாம் நாளுக்குப் பிறகும் வரத்து வெளியேற்றத்தை விட அதிகமாகவே இருப்பதால் குளம் ஏறிக்கொண்டே போகும். இரு வளையிகளும் மீண்டும் வெட்டும் 25/3 ஆம் நாளில், அதாவது எட்டாம் நாள் கழிந்து எட்டு மணித்தியாலத்தில்தான், உச்சம். தொடக்கத்தில் வெளியேற்றம் மிகையாக இருப்பதால் 5/3 ஆம் நாள் வரை குளம் இறங்கும் என்பதையும் அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

இரு வளையிகளையும் கணிப்பானில் ஒன்றாக வரைந்தால் வெட்டும் இடங்கள் தெரியும். அவற்றுக்கு இடையே தொகையிட்டால் ஏறிய நீர் 65.4 அலகு, அதாவது 6540 ஏக்கர் அடி. ரி பூச்சியமாக இருக்கும் தொடக்க நேரத்தை விட உச்ச நாளில் எவ்வளவு கூடுதல் என்று கேட்டால், முதலில் இறங்கிய 12.2 அலகைக் கழிக்க வேண்டும். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறக்கப்படும்போது எந்தப் பாதை முதலில் மூழ்கும் என்பதைப் படுவான்கரைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மழை விட்ட பிறகும் நீர்மட்டம் ஏன் உயர்கிறது என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பேசுங்கள்.

சம்மாந்துறை ஆசிரியர்

இது மிகச் சிறந்த கணக்கு. திரட்டிய நீரின் அளவையும் ரி இன் சார்பாகக் கணிப்பானில் வரையலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் தொகையீட்டைக் கணிப்பதால் டிஐ-84 இல் அந்த வளையி மிக மெதுவாக நகரும். அந்த மெதுவும் நன்மைக்கே. வளையி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே, இனி ஏறுமா இறங்குமா என்று மாணவர்களிடம் கேட்கலாம். தேறிய வீதம் பூச்சியமாகும் இடத்தில் திரட்டிய அளவு திரும்புகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, தொகையீட்டின் பெறுதி மூலச் சார்பே என்ற தேற்றத்தை நிறுவிக் காட்டினால் அது ஒட்டும்.

வாவிக்கரை (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

குளத்துக் கணக்கை நானும் குறித்துக்கொண்டேன். இருந்தாலும் ஒரு விடயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்தக் கருவிகள் எங்கள் பக்கத்தில் எல்லாப் பாடசாலைகளுக்கும் கிடைக்கப் போவதில்லை. டிஐ-84 பிளஸுக்கு நான்கு சிறிய பற்றரிகள் வேண்டும். அவை தீர்ந்தால் மாற்றுவதற்கும் பணம் தேவை. அலுமாரியில் பூட்டிக் கிடக்கும் நன்கொடைகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். ஆகவே கருவி இல்லாத வெல்லாவெளியிலோ திருக்கோவிலிலோ உள்ள ஆசிரியரும் நடத்தக்கூடியதாக இந்தப் பாடங்களை எழுதி வையுங்கள். ஜியோஜீப்ரா செயலியை ஆசிரியரின் கைத்தொலைபேசியில் ஒரு தடவை நிறுவிவிட்டால், வலையமைப்பு இல்லாத இடத்திலும் அது வரைபு வரையும். அதற்கும் வழியில்லாத இடத்தில், 12.000001 என்ற எண்ணைப் பலகையில் எழுதியே பாடத்தைத் தொடங்கலாம்.

படுவான்கரை ஆசிரியை (இழையைத் தொடங்கியவர்)

ஐயா சொன்னபடியே செய்கிறேன். தீர்மானித்தவற்றை இங்கே பதிகிறேன். குறை தெரிந்தால் சொல்லுங்கள்.

வளையி வரையும் அலகில் கணிப்பான் கடைசியில்தான் வெளியே வரும். மாணவர்கள் அணுகுகோடுகளையும் திரும்பற் புள்ளிகளையும் தாமே கண்டு, கொப்பியில் வரைந்து, எந்தச் சாளரத்தில் பார்த்தால் எல்லாம் தெரியும் என்பதையும் எழுதிய பிறகே கருவியைத் தொடலாம். பெறுதியின் வரைவிலக்கணத்துக்கு மட்டும் கருவியை முதலில் கொண்டுவருகிறேன்: எக்ஸ்³, எக்ஸ்², எக்ஸின் மட்டு, 1/எக்ஸ் என்ற வரிசையில், விடைகளைத் திரையில் கண்டு, காரணத்தைக் கொப்பியில் காட்ட வேண்டும். தொகையீட்டுக்குக் குளத்துக் கணக்கு. பரீட்சைக்கு முந்திய தவணையில் கணிப்பான்கள் அலுமாரிக்குப் போய்விடும். அந்த மாதங்களில் கடந்தகால வினாத்தாள்களை வெறுங்கையோடுதான் செய்ய வேண்டும்.

சம்மாந்துறை சேர், 0.0005 இல் மட்டுச் சார்பின் பெறுதியாக 0.5 வரும் கணக்கைப் படிப்படியாக எழுதி அனுப்ப முடியுமா? அதைப் பயிற்சித்தாளில் சேர்க்கிறேன். நீர்ப்பாசன ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: வெளியேற்றம் மாறாமல் இருப்பதற்குப் பதிலாக, நான்காம் நாளில் வான்கதவு ஒன்றைத் திறப்பதால் 55 இலிருந்து 65 ஆக உயர்கிறது என்று வைத்தால் கணக்கு நடைமுறைக்குப் பொருந்துமா? அப்படியானால் வெளியேறும் வீதம் நான்கில் தொடர்ச்சியற்றதாகிவிடும், ஆனால் குளத்து நீரின் அளவு தொடர்ச்சியாகவே இருக்கும். அந்த வேறுபாட்டைப் பற்றி மாணவர்களிடம் கேட்க எனக்கு ஆவலாக இருக்கிறது.